சனிக்கிழமை கட்டிய காப்பு

செல்லத்தாய் கையை நீட்டியது பிள்ளைகளுக்காகத்தான். இதை அவள் பிறகு பலரிடம் சொன்னாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டும் ஒன்றும் மாறவில்லை.

அவள் வேலை பார்க்கும் இடத்தின் பலகையில் ‘குழந்தைகள் பகல் காப்பகம்’ என்று எழுதியிருக்கும். ஊரில் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். நாரணாபுரத்தைத் தாண்டி மேற்கே நாலு கிலோமீட்டர். பட்டாசுக் கம்பெனிக்கும் அச்சாபீசுக்கும் போகிற பெண்கள் காலையில் வேன் ஏறுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். சாயங்காலம் வேன் இறங்கியதும் கூட்டிப் போவார்கள். பதினெட்டுப் பிள்ளைகள். சிவகாசியில் இருக்கும் ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. டீச்சர் சுகிர்தா, ஆயா செல்லத்தாய், இரண்டே பேர்.

செல்லத்தாய்க்கு நாற்பத்து மூன்று வயது. பத்தாவது பாஸ் செய்த கையோடு கம்பெனிக்குப் போனவள். பதினேழு வருடம் சரம் பின்னினாள். ஒரு மாசி மாதம், மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவ வெளியே வந்து நின்றபோது, அடுத்த ரூம் இல்லாமல் போனது. அவளுக்குச் சேலைத் தலைப்பு மட்டும் கருகியது. ஒரு வாரம் கழித்து வேன் வந்து வாசலில் நின்றது. படியில் கால் வைக்கப் போனாள். கால் எழவில்லை. மறுநாளும் எழவில்லை. மூன்றாம் நாள் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். நாலாம் நாள் வேன் நிற்கவே இல்லை.

அந்தப் பங்குனியில் காப்பு கட்டித் தீச்சட்டி எடுத்தாள். வேண்டிக்கொண்டது அவளா, அவள் புருஷன் கருப்பணனா என்று இரண்டு பேருக்கும் இப்போது நினைவில்லை. அதன் பிறகு கட்டியதில்லை. கொஞ்ச நாளில் பால்வாடி வேலை கிடைத்தது. ஒன்பது வருடம் ஆகிறது.

இந்த வருடம் டிரஸ்டில் ஒரு விதி வந்தது. ஜூன் மாதத்திலிருந்து பிள்ளைகளோடு இருப்பவர்கள் எல்லோரும் பராமரிப்புப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். மதுரையில் ஆறு நாள் தங்கிப் படிக்க வேண்டும், கடைசி நாள் பரீட்சை. சான்றிதழ் இல்லாதவர்களைக் கைவிட மாட்டோம் என்று ஆபீசிலிருந்து வந்தவர் அன்பாகத்தான் சொன்னார். “கம்பெனியில சொல்லி சரம் செக்சன்ல போட்டுத் தர்றோம்மா. உங்களுக்குப் பழகின வேலைதான?”

செல்லத்தாய் தலையை ஆட்டினாள். அன்று முழுவதும் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே ஏதோ போலிருந்தது.

சுகிர்தா டிரஸ்டுக்கு நாலு முறை போன் செய்து, பங்குனி முதல் வாரத்தில் தொடங்கும் பயிற்சியில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டாள். அதை விட்டால் அடுத்தது ஆகஸ்டில்தான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மதுரையில் இருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை செந்தூர்பாண்டி பால்வாடிக்கு வந்தான்.

*

மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு குடும்பம் பால்வாடிக்கு வந்து தங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இது சுகிர்தா தொடங்கியது. டிரஸ்டும் சரி என்றது.

முதல் மாதம் ஒடிசாவிலிருந்து அச்சாபீஸ் வேலைக்கு வந்திருக்கும் குடும்பம். அந்த அம்மா அரிசிமாவைக் கரைத்து, தரை முழுவதும் சின்னச் சின்னப் பாதங்கள் வரைந்தாள். பிள்ளைகள் அதன்மேல் நடந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் எது வரைந்தது எது நடந்தது என்று தெரியவில்லை. இரண்டாம் மாதம் பாலகுருவின் தாத்தா சாத்தூரிலிருந்து வந்தார். காராச்சேவு போடுகிற குடும்பம். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் எண்ணெய்ச் சட்டி கூடாது என்று டிரஸ்ட் சொல்லிவிட்டதால் அவர் அடுப்பில்லாமல், வெறும் தாம்பாளத்தில் மாவைத் தேய்த்துக் காட்டிவிட்டு, “இம்புட்டுத்தான்” என்று சொல்லிப் போய்விட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

மூன்றாவது, செந்தூர்பாண்டி. கம்பெனி வேன் ஓட்டுகிறவன். அவன் அப்பா பெத்தணன் ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி. பங்குனிப் பொங்கல் சாட்டியதும், அதாவது திருவிழா அறிவித்ததும், வேண்டிக்கொண்டவர்களுக்குக் காப்பு கட்டுவது அவர்கள் குடும்பத்தின் உரிமை. காப்பு என்பது மஞ்சள் துண்டு கோத்த கயிறு. கட்டிவிட்டால் பதினைந்து நாள் ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. சமையலில் கடுகு தாளிக்கக் கூடாது.

“எங்க வீட்டு வழக்கம்னா காப்பு கட்டுறதுதான் டீச்சர்” என்றான் செந்தூர்பாண்டி. “அத எப்படிப் பிள்ளைகளுக்குக் காட்ட?”

“சும்மா கட்டிக் காட்டுங்கண்ணே.”

“சும்மா கட்டுறது எப்படின்னு எனக்குத் தெரியாதே.”

“காராச்சேவு தாத்தா காட்டுனார்ல, அந்த மாதிரிதான். எண்ணெய் இல்லாம.”

“சரி” என்றான்.

சனிக்கிழமை குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்தான். ஒரு தட்டில் மஞ்சள், கயிறு, வேப்பிலை. அவனைத் தினமும் காக்கிச் சட்டையில் பார்க்கிற பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். அவனுடைய மகள் முத்துமாரியே தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். தடுப்பூசி என்று ஒரு பிள்ளை சொல்லிவிட, மற்றவர்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள்.

சுகிர்தா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். “அக்கா, நீங்க முதல்ல நீட்டுங்க. பாத்தா பயம் போயிரும்.”

செல்லத்தாய் நீட்டினாள்.

செந்தூர்பாண்டி கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றினான். அவன் உதடு அசைந்தது. செல்லத்தாய்க்கு அவன் முணுமுணுப்பில் தன் பெயர் கேட்டது. பிறகு கருப்பணன் பெயர். பிறகு ஊர் பெயர். கையை இழுக்கலாமா என்று தோன்றியது. பதினெட்டுப் பிள்ளைகளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தாள். முடிச்சு விழுந்தது.

அதற்குப் பிறகு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்து நீட்டினார்கள்.

எல்லாம் முடிந்து தட்டை எடுக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். “என்ன தம்பி, பேரெல்லாம் சொன்ன மாதிரி இருந்துச்சு?”

“வாயில வந்துருச்சு மதினி. சொல்லாமக் கட்டினா கை ஓட மாட்டேங்குது.”

“அப்ப இது கட்டுனதா, காட்டுனதா?”

செந்தூர்பாண்டி தட்டைப் பார்த்தான். “காட்டத்தான் வந்தேன்” என்றான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ரசம் வைத்தாள். கரண்டியில் எண்ணெய் காய்ந்தது. கடுகை உள்ளங்கையில் எடுத்தவள் கயிற்றைப் பார்த்தாள். கடுகைத் திரும்ப டப்பாவில் போட்டாள். எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்தாள். அப்போதுதான் தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்தது.

வாசலில் இரண்டு தாய்மார்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி பிள்ளையின் கயிற்றை அறுத்துவிட்டாள், இப்போது பயமாக இருக்கிறது. மற்றவள் அறுக்கவில்லை, அவளுக்கும் பயமாக இருக்கிறது, நாளைக்குக் கோவில்பட்டிக்குக் கல்யாண வீட்டுக்குப் போய் ராத்திரி தங்க வேண்டும். “நீங்க என்ன செய்யப் போறீக?” என்று இரண்டு பேரும் கேட்டார்கள்.

“எனக்கே தெரியல தாயி.”

கருப்பணனுக்குப் போன் செய்தாள். லாரி ஓட்டுகிறவன். வெடி லோடு ஏற்றிக்கொண்டு ஹூப்ளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“ஏ புள்ள, வீட்ல கத்தரிக்கோல் இல்லையா?”

“இருக்கு.”

“பிறகென்ன? வெட்டிப் போட்டுட்டு மதுரைக்குப் போ. வெளையாட்டுக்குக் கட்டுன கயிறுக்கு இம்புட்டு யோசனையா?”

“சரி. நீங்க சொல்லி நான் வெட்டினேன்னு ஆத்தாகிட்டச் சொல்லிருதேன்.”

எதிர்ப்புறம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. “எம் பேர எதுக்கு இழுக்க? நான் லோடு வச்சிருக்கேன். பெத்தணன் மாமாகிட்டப் போய்க் கேளு.”

பெத்தணன் கோயிலுக்குப் பின்னால் பந்தலுக்குக் கட்டக் கொண்டுவந்த வேப்பங்குலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செந்தூர்பாண்டி நின்றிருந்தான். விஷயம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது என்று இருவர் முகத்திலும் தெரிந்தது.

“சாட்டுக்கு இன்னும் மூணு நாள் கெடக்கு” என்றார் பெத்தணன். “பொங்கல் சாட்டாம காப்பு ஏது? செல்லாது. போ தாயி.”

செல்லத்தாய்க்கு மூச்சு வந்தது. திரும்பினாள்.

“நில்லு. மஞ்சள் எங்கன எடுத்தான் இவன்?”

செந்தூர்பாண்டி குனிந்து ஒரு வேப்பங்குலையை எடுத்தான்.

“ஏலே, ஒன்னத்தான கேக்கேன். கடை மஞ்சளா, கோயில் மஞ்சளா?”

“கோயில் மஞ்சள்தான்ப்பா. பீடத்துல இருந்தது.”

பெத்தணன் குலையைக் கீழே வைத்தார். “அப்ப செல்லும்.”

“மாமா, இப்பத்தான செல்லாதுன்னீக?”

“கடை மஞ்சள்னு நெனச்சுச் சொன்னேன்.” கையில் ஒட்டிய இலையைத் தட்டினார். “ஆனா கட்டுற உரிமைய இவனுக்கு நான் இன்னும் கைகொடுக்கல. கைகொடுக்காதவன் கட்டுனா அது வெறும் கயிறு. வேன் ஓட்டுற பய, இவனுக்கு என்ன தெரியும்? செல்லாது.”

“எனக்குத் தெரியும்” என்றான் செந்தூர்பாண்டி.

“என்னல தெரியும்?”

“பாத்துக்கிட்டுத்தான இருக்கேன், பத்து வருசமா.”

பெத்தணன் மகனைப் பார்த்தார். பிறகு செல்லத்தாயின் கையைப் பிடித்துத் தன் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முடிச்சை விரலால் புரட்டினார். மூன்று சுற்றையும் எண்ணினார். கயிற்றின் நுனியைத் தேடினார். நுனி உள்ளே போயிருந்தது. வெகுநேரம் கையை விடவில்லை.

“பேரு சொன்னியா?”

“சொன்னேன்.”

“புருசன் பேரு?”

“சொன்னேன்.”

“முடிச்சு சரியாத்தான் போட்டிருக்கான்” என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. செந்தூர்பாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது. அவன் இத்தனை சந்தோஷமாக இருந்து செல்லத்தாய் பார்த்ததில்லை. தன் வேலை போகப்போகிற நேரத்தில் இவன் ஏன் இப்படி நிற்கிறான் என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் முடியவில்லை.

“பிள்ளைகளுக்கு ஒண்ணுமில்ல” என்றார் பெத்தணன். “பால்பல்லு விழாத பிள்ளைக்குக் கட்டு கெடையாது. எங்கனயும் போகலாம், எதையும் தின்னலாம். ஒனக்குத்தான் செல்லும்.”

“நாளைக்கு நான் மதுரைக்குப் போகணும் மாமா. அஞ்சு ராத்திரி. போகலேன்னா பட்டாசுக்குத்தான் திரும்பப் போகணும்.”

அவர் அவள் காலைப் பார்த்தார். அந்த வருடம் அவள் வேன் ஏற முடியாமல் நின்றது ஊருக்கே தெரியும்.

“கைமாத்திக்கலாம்” என்றார். “கோர்ட்டு, கேசு, ஆசுபத்திரின்னு வெளிய போக வேண்டி வந்தா மாத்தி விடுறதுதான். வேற ஒருத்தர் வாங்கிக்கணும். கருப்பணன் எங்க?”

“ஹூப்ளி.”

“அவன் ஆக மாட்டான். ஒன்ன யாரு கைய நீட்டச் சொன்னது?”

“டீச்சர்.”

“அப்ப அந்தப் பிள்ளைதான் வாங்கணும்.”

*

சுகிர்தா விருதுநகர்க்காரி. இருபத்தேழு வயது. அம்மாவும் அவளும் மட்டும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஊசி. பால்வாடி முடிந்து பஸ் பிடித்துப் போய் சுகிர்தாதான் போடுவாள். அதற்கு மேல் இந்த ஊருக்குத் திரும்ப பஸ் கிடையாது.

செல்லத்தாய் போனில் சொன்னதும் அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னாள். “அக்கா, அது சும்மா காட்டுறதுக்குக் கட்டுனதுதானே?” என்றாள். மூன்றாவது தடவை சொன்னபோது பேசாமல் கேட்டாள். நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கோயில் முன்னால் நின்று வாதாடினாள். ஒரு செயல்முறையைக் காட்டுவது வேறு, செய்வது வேறு என்றாள். பெத்தணன் கவனமாகக் கேட்டார். “வாஸ்தவம்தான் தாயி” என்றார். “செய்யாம எப்படிக் காட்ட?”

சுகிர்தா அதற்குப் பதில் தேடினாள். அவள் படித்ததில் எங்கேயோ இருந்தது. அந்த நேரம் வரவில்லை.

“நீங்க வாங்கிக்க வேணாம் டீச்சர்” என்றாள் செல்லத்தாய். “அம்மா தனியா இருப்பாக. நான் ஆகஸ்டுல போய்க்கிடுதேன்.”

“ஆகஸ்ட்ல போனா ஜூன்லயே வேற ஆளைப் போட்டுருவாங்க.”

“போடட்டும்.”

“நீங்க எங்க போவீங்க?”

சுகிர்தா செருப்பைக் கழற்றினாள். போனை எடுத்துப் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தரிடம், பதினைந்து நாளைக்கு அம்மாவுக்கு ஊசி போட முடியுமா என்று கேட்டாள். என்ன காரணம் என்று எதிர்ப்புறம் கேட்டிருக்க வேண்டும். “ட்ரெய்னிங்” என்றாள். பிறகு செல்லத்தாயைப் பார்த்து, “எங்க ஊர்லயும் கட்டுவாங்க அக்கா. நான் கட்டுனதில்ல” என்று சொல்லிக் கையை நீட்டினாள்.

பெத்தணன் மகனைப் பார்த்து, “நீயே மாத்து” என்றார்.

செந்தூர்பாண்டி முடிச்சை அவிழ்த்தான். செல்லத்தாயின் மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும் வளையமாக இருந்தது. சுகிர்தாவின் பெயர், அவள் அம்மாவின் பெயர் எல்லாம் கேட்டான். இந்த முறை சத்தமாகவே சொன்னான்.

செல்லத்தாய் வீட்டுச் சாவியைச் சுகிர்தாவிடம் கொடுத்தாள். அரிசி இருக்கும் இடம், பருப்பு இருக்கும் இடம், தண்ணீர் வரும் நேரம் சொன்னாள். தாளிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சந்தேகப்படுவது போலாகிவிடும் என்று நினைத்தாள்.

*

திங்கட்கிழமை காலை பஸ் ஓடைப்பாலத்தைத் தாண்டியது. அதுதான் எல்லை. செல்லத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எதற்கு மூடினோம் என்று நினைத்துத் திறந்தாள். அவள் கையில்தான் ஒன்றுமில்லையே.

மதுரையில் நாற்பது பெண்கள். பிள்ளைகளுக்கு எப்படிக் கை கழுவிவிடுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்பது வருடமாகச் செய்வதைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தும், படத்தில் போட்டுக் காட்டியபோது அவளுக்கு அது புதிய வேலை போலிருந்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்த உசிலம்பட்டிப் பெண், “கையக் கழுவுறதக் கூடவா எழுதுவாக?” என்று சிரித்தாள்.

தினமும் சாயங்காலம் சுகிர்தாவுக்குப் போன் செய்தாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள். “உங்க வீட்லதான் இருக்கேன் அக்கா” என்று, கேட்காமலேயே சுகிர்தா சொல்வாள். திங்கள், செவ்வாய், புதன். கேட்காமல் ஏன் சொல்கிறாள் என்று செல்லத்தாய்க்குப் புதன்கிழமை தோன்றியது. தோன்றியது தப்பு என்றும் தோன்றியது.

வியாழக்கிழமை ஏழு மணி. சுகிர்தா பாலகுருவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்குப் பின்னால் படபடவென்று ஒரு சத்தம். நாலைந்து நொடி. பிறகு அடங்கியது.

“என்ன டீச்சர் சத்தம்?”

“கம்பெனில வெடி போட்டுப் பாக்குறாங்க போல அக்கா.”

“ஓ.”

“வேற ஒண்ணுமில்ல.”

“சரி டீச்சர். வைக்கட்டா?”

பதினேழு வருடம் சரம் பின்னியவள். வெடிக்கிற சத்தத்தை வைத்து அது எத்தனை சரம், மருந்து காய்ந்ததா ஈரமா என்று சொல்லிவிடுவாள். இந்தச் சத்தம் தெரியவில்லை. காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகு போலவும் இருந்தது. தூரத்தில் போட்ட சரம் போலவும் இருந்தது. ஏழு மணிக்குக் கம்பெனியில் யார் போட்டுப் பார்க்கிறார்கள்? இது சீசனும் இல்லை. ஆனால் புது ஆர்டர் வந்தால் எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்ப்பார்கள். ஏழு மணி ஊசி நேரம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வராமல் போயிருக்கலாம். சுகிர்தா விருதுநகரில் அம்மாவின் சமையலறையில் நின்றுகொண்டு பேசியிருக்கலாம். இல்லை, தன் வீட்டில்தான் இருந்திருக்கலாம், தெரியாமல் தாளித்திருக்கலாம்.

தப்பு நடந்திருந்தால் அது யாருக்கு வந்து சேரும்? கயிறு கட்டியிருப்பவளுக்கா, கொடுத்துவிட்டு வந்தவளுக்கா? இதைப் பெத்தணனிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டிருந்தாலும் அவர் இரண்டு பதில் சொல்லியிருப்பார்.

துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு கீழே இறங்கினாள். விடுதி வாசலில் காவலுக்கு இருந்த அம்மா நோட்டை நீட்டினாள்.

“எங்க போற?”

“ஊருக்கு.”

“என்ன, சாவா?”

“அதெல்லாம் இல்ல.”

“ஆசுபத்திரியா?”

“இல்ல.”

“பிறகு என்னன்னு எழுதுவ? காரணம் போடணும்ல. சும்மா வெளிய போனா சனிக்கிழமை பரீட்சை எழுத விட மாட்டாங்க, பாத்துக்க.”

செல்லத்தாய் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ஒரு சத்தம் கேட்டது என்றா? போய்ச் சேரும்போது சுகிர்தா அங்கே இருந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? இல்லாவிட்டால் மட்டும் எப்படி விழிப்பது? கையைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் வளையம் போய்விட்டிருந்தது. சுகிர்தாவிடம் இப்போதே கேட்டுவிடலாம். அவள் இங்கேதான் இருக்கிறேன் என்பாள். அதை முன்பே சொல்லிவிட்டாள்.

“எழுதுறியா, இல்லையா? எனக்குச் சாப்பிடப் போகணும்.”

“இல்லக்கா” என்று பேனாவைக் கொடுத்தாள். மேலே போய்த் துணிகளைத் திரும்பவும் எடுத்து மடித்து வைத்தாள்.

சனிக்கிழமை பரீட்சையில் எட்டாவது கேள்வி: குழந்தைகள் காப்பகத்தில் குடும்பங்களின் பண்பாட்டு மரபுகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்வது எப்படி? பத்து மதிப்பெண். செல்லத்தாய் அந்தக் கேள்வியை நாலு முறை படித்தாள். பிறகு எழுதினாள்: ‘வீட்டில் செய்வதைக் காட்ட மட்டும் முடியுமா என்று முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். முடியாது என்றால் யார் கை நீட்டுவது என்று முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும்.’ அடுத்த வரி தொடங்கினாள். ‘அதற்குப் பிறகு’ என்று எழுதிவிட்டு என்ன வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்துவிட்டது.

மற்ற கேள்விகளுக்கு நன்றாகத்தான் எழுதியிருந்தாள். மூன்று மணிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டு நோட்டுகளுக்கு நடுவில் மடங்காமல் வைத்துக்கொண்டாள்.

*

ஊர் வந்து சேர இருட்டும் நேரமாகிவிட்டது. கதவு பூட்டியிருந்தது. சாவி வழக்கமான இடத்தில், கரண்ட் மீட்டர் பெட்டிக்கு மேலே. உள்ளே சுகிர்தாவின் பை மூலையில் இருந்தது. பாய் சுருட்டி வைத்திருந்தது. அடுப்பங்கரையில் சோறு வடித்து மூடியிருந்தது. ரசம் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். மேலே கடுகு எதுவும் மிதக்கவில்லை. இன்றைய ரசம்.

கடுகு டப்பாவை எடுத்தாள். ஆட்டிப் பார்த்தாள். கால் டப்பா இருக்கும். போகும்போது எவ்வளவு இருந்தது? அரை டப்பாவா, கால்தானா? எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கடுகைத் திரும்பப் போட்டது நினைவிருந்தது. டப்பாவுக்குள் பார்த்தது நினைவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். சுகிர்தா தெருவில் கிழக்கேயிருந்து வந்தாள். பால்வாடியும் பஸ் நிற்கும் இடமும் அந்தப் பக்கம்தான்.

“வந்துட்டீங்களா அக்கா! பாஸா?”

செல்லத்தாய் சான்றிதழை எடுத்துக் காட்டினாள். சுகிர்தா அதை விளக்குக்குக் கீழே கொண்டுபோய், இரண்டு கையாலும் பிடித்துப் படித்தாள். மணிக்கட்டில் கயிறு அழுக்கேறி, தண்ணீரில் வெளுத்து, சதையோடு ஒட்டியிருந்தது. முடிச்சு போட்டபடியே இருந்தது. நுனி வெளியே தெரியவில்லை.

“இனிமே உங்கள ஆயான்னு கூப்பிடக் கூடாது” என்றாள் சுகிர்தா.

“பிள்ளைகளுக்கு வேற பேரு தெரியாதே.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். செல்லத்தாய் கையை நீட்டினாள்.

“கொடுங்க டீச்சர். நான்தான் வந்துட்டேன்ல. காலைல மாமாகிட்டப் போய் மாத்திக்குவோம். நீங்க அம்மாகிட்டப் போங்க.”

சுகிர்தா மற்றக் கையால் கயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

“இருக்கட்டும் அக்கா. இன்னும் எட்டு நாள்தான்.”

“எதுக்கு?”

“தெரியல. இருக்கட்டும்.”

“அம்மாவுக்கு ஊசி?”

“போட்டாச்சு.”

யார் போட்டது என்று அவள் சொல்லவில்லை. செல்லத்தாய் கேட்க வாயெடுத்தாள். சுகிர்தா சான்றிதழைத் திரும்ப நோட்டுகளுக்கு நடுவே, ஓரம் மடங்காமல், மெதுவாக வைத்துக்கொண்டிருந்தாள். செல்லத்தாய் கேட்கவில்லை.

இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். சுகிர்தாவுக்குச் சோறு போட்டு ரசம் ஊற்றினாள். தன் தட்டில் ஊற்றப்போய் நின்றாள். கட்டு சுகிர்தாவுக்குத்தான், தனக்கு இல்லை. தனக்குத் தாளிக்கலாம். ஒரே வீட்டில், ஒரே ரசத்தில் பாதியைத் தாளிக்கலாமா என்று தெரியவில்லை. பெத்தணன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்க முடியாது.

தன் பங்கை ஒரு கிண்ணத்தில் ஊற்றித் தனியாக வைத்தாள். கரண்டியை அடுப்பில் வைத்தாள். எண்ணெய் காய்ந்தது. கடுகைப் போட்டாள்.

கடுகு வெடித்தது. அவள் கரண்டியை எடுக்காமல், போனில் கேட்ட சத்தத்தை நினைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். அதுபோலத்தான் இருந்தது. திரும்பிச் சுகிர்தாவைப் பார்த்தாள். சுகிர்தா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் பசி மட்டும் தெரிந்தது.

கரண்டியை ரசத்தில் விட்டு முடித்தபோது, கம்பெனிப் பக்கம் யாரோ ஒரு சரத்தைப் போட்டுப் பார்த்தார்கள். நாலைந்து நொடி. பிறகு அடங்கியது. அதுவும் அதுபோலத்தான் இருந்தது.

“அக்கா” என்றாள் சுகிர்தா. “சோறு ஆறுது. வந்து உக்காருங்க.”